ஜவாத் நானாவின் பின்சக்கரம்

வெள்ளவத்தையில் ஷிப்லியைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் ஒரு இடத்தில் ஆற அமர இருந்ததைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. சலூனில் முடிவெட்டப் போனால் ஒரு பக்கம் முடிவதற்குள் மற்றப் பக்கத்தைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லி அந்த மனிதனை நச்சரிப்பார். ஜும்ஆவுக்குப் போனால் கதவோரத்தில்தான் இடம் பிடிப்பார். சாப்பாட்டு மேசையில் இருந்தாலும் ஒரு கால் கீழே ஆடிக்கொண்டே இருக்கும், மேசையில் தண்ணீர்க் கிளாசும் சேர்ந்து ஆடும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கால் மட்டும் நிற்கவில்லை.

அவர் தொட்ட தொழில்களைச் சொல்லப்போனால் நமக்கு மூச்சு வாங்கும். புறக்கோட்டையில் கைக்கடிகாரம், நுகேகொடையில் செருப்புக்கடை, தோஹாவில் கொஞ்சக் காலம் சாரதி வேலை, திரும்பி வந்து ஒருகொடவத்தையில் லொறி உதிரிப்பாகம், பிறகு தரை ஓடு, பிறகு உறைந்த கோழி. ஒன்றிலும் தோற்றார் என்று சொல்ல முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுத்துப் போகும், விட்டுவிடுவார். தொழில் மாறினால் வீடும் மாறும். வெள்ளவத்தைக்குள்ளேயே அவர்கள் குடியிருக்காத ஒழுங்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாமான் கட்டுவதும் அவிழ்ப்பதும் மனைவி மர்லியாவின் வேலை. அவள் முகத்தைச் சுளித்து யாரும் பார்த்ததில்லை, ஷிப்லியும் பார்த்ததில்லை. சுளித்திருந்தாலும் பார்க்க அவர் எங்கே நின்றார்!

இப்படிப்பட்ட மனிதரைத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கால்வாய்க் கரையோரமாக ஆமை வேகத்தில் சைக்கிள் ஓட வா என்று கூப்பிட்டிருந்தார் கொட்டாஞ்சேனை ஜவாத் நானா.

கூப்பிட்டவர் சும்மா ஆள் இல்லை, மாப்பிள்ளையின் வாப்பா. ஷிப்லியின் ஒரே மகள் ஆதிலா, கணக்காளராக வேலை செய்கிறவள், ஜவாத் நானாவின் மகன் நப்ரீஸைத்தான் கட்டுவேன் என்று வாய் திறந்து சொல்லிவிட்டாள். பையனுக்கும் விருப்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஹாஷிம் என்ற உறவுக்காரர் போய்வந்து பேசினார். பேச்சு நன்றாகத்தான் போனது. திடீரென்று ஜவாத் நானா பக்கம் வாயடைத்துவிட்டது. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நோன்பு போனது, பெருநாள் போனது, ஆதிலா போனையே பார்த்துக்கொண்டு மெலிந்து போனாள். கடைசியில் ஹாஷிம் கொண்டுவந்த பதில் இதுதான்: ஜவாத் நானா ஒவ்வொரு ஞாயிறும் ஹெமில்டன் கால்வாய்ப் பக்கம் சைக்கிளில் போவாராம், இந்தக் கிழமை ஷிப்லியும் வந்தால் நல்லதாம்.

ஷிப்லிக்குக் குப்பென்று வேர்த்தது. காரணம் அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாளிகாவத்தையில் ஒரு கலியாண விருந்து. ஒரு பெரிய தட்டத்தில் நெய்ச்சோறு குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து கையால் சாப்பிடுகிற சஹன். ஒரே சஹனில் இருக்கிறவர்கள் ஒருவருக்காக ஒருவர் பொறுத்து, கடைசி ஆள் கையெடுத்த பிறகுதான் எழும்புவது வழக்கம். ஷிப்லி வழக்கம்போல நாலு பிடி பிடித்தார், வட்டிலாப்பத்துக்கும் காத்திருக்காமல் எழும்பினார், போய்விட்டார். ஒருவர் எழும்பினால் மற்றவருக்கும் கூச்சம் வரும்தானே. எதிரே மெல்ல மெல்ல மென்று கொண்டிருந்த ஒரு பெரியவரும் பாதி வயிற்றோடு எழும்பிவிட்டார். கைகழுவும் இடத்தில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர்தான் ஜவாத் நானா.

சஹனில் பொறுமை இல்லாதவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர் யோசிக்கிறார், வேறென்ன! சைக்கிள் ஓடக் கூப்பிடுவது சோதித்துப் பார்க்கத்தான். ஷிப்லி இப்படியே முடிவுகட்டி, அந்தக் கிழமை முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பின்னேரம், பெற்றோல் கிடைக்காத காலத்தில் வாங்கிய பழைய சைக்கிளுக்கு அவர் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆதிலா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"வாப்பா, ஒரே ஒரு நாள். அவருக்கு முன்னால போகாதீங்க. எனக்காக."

"போக மாட்டன் மகள்," என்றார் ஷிப்லி. சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார்.

காலையில் வெள்ளவத்தையிலிருந்து கடற்கரை வீதியால் சைக்கிளை விட்டவர், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே கொட்டாஞ்சேனையில் போய் நின்றார். ஒழுங்கை முனையில் நின்று நின்று கால் கடுத்து, சுற்றுவட்டாரத்தையே ஒருமுறை சுற்றி வந்தார். அப்புறம்தான் ஜவாத் நானா கதவைத் திறந்தார். துறைமுகத்தில் சாமான் இறக்கி எடுக்கும் கம்பனியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகு டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னாராம். வெள்ளைத் தொப்பி, முழுக்கால் சட்டையின் அடியில் செயின் பிடிக்காமலிருக்க ஒரு ரப்பர் பட்டி, பின்னால் அவர் மனைவி பஹ்மியா தாத்தா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம். முதலில் தெருப் பூனைக்கு ஸலாம் சொல்லாத குறையாக எல்லோரிடமும் விசாரித்தார், பிறகுதான் ஏறினார்.

ஏறினார் என்றுதான் சொல்லலாம், ஓடினார் என்று சொல்ல முடியாது. மட்டக்குளியில் நடந்து போன ஒரு மனுசி அவர்களை முந்திக்கொண்டு போனாள். களனி கங்கைப் பாலத்தின் நடுவில் ஜவாத் நானா இறங்கி, ஆறு கடலோடு சேரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை பெய்ததால் தண்ணீர் தேயிலைச் சாயத்தில் ஓடியது. மேலே எங்கேயோ மண் கரைகிறது, பாவம் என்றார். ஷிப்லியும் பாவம் என்றார், சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு.

ஹெந்தலையில் கால்வாய் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது, நீர்கொழும்பு வரைக்கும் நேராகப் போகும். ஒரு கரையில் வண்டி போகிற பாதை, மறுகரையில் வீடுகளின் பின்பக்கம். வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. வலை காயப்போட்ட வேலிகளும் சந்திக்குச் சந்தி மாதா சுரூபங்களும். நிழல் நல்ல நிழல், பாதை நல்ல பாதை, மிதித்தால் பறக்கலாம். ஜவாத் நானா மிதிக்க வேண்டுமே! வள்ளங்களுக்கு வைத்த பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தார். கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு ஒன்று கரையில் வெயில் காய்ந்தது, அது தண்ணீருக்குள் இறங்கும் வரைக்கும் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் இவருக்கு வாய்த்தது போல இறங்காமல் கிடந்தது. ஷிப்லிக்குக் கல்லெடுத்து எறியலாமா என்றிருந்தது.

இந்த நேரமெல்லாம் கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஷிப்லி ஆதிலாவின் வேலையைப் பற்றிச் சாடையாக எடுத்துப் பார்த்தார். ஜவாத் நானா மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் அடர்ந்து கிடந்த ஆகாயத்தாமரையைக் காட்டினார். ஷிப்லி நப்ரீஸைப் பற்றி விசாரித்தார். நல்லா இரிக்கிறான் என்றவர், அதோடு தம்பிலி இளநீர்க் கடையைக் கண்டு இறங்கிவிட்டார். ஷிப்லி பின்னால் போனார், நின்றார், போனார். அவர் கண்ணுக்கு முன்னால் ஜவாத் நானாவின் பின்சக்கரம் சுற்றியும் சுற்றாமலும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தொடை துடித்தது, வாய்க்குள் ஸலவாத்தை ஓதிக்கொண்டார்.

உஸ்வெட்டகெய்யாவப் பக்கம் வந்தபோது நாலைந்து பேர் கயிறு போட்டு வள்ளம் ஒன்றைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜவாத் நானா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு அவர்களோடு சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். கதை மீனில் தொடங்கி, இஞ்சின் விலைக்குப் போய், ஒருவருடைய மூட்டுவலிக்கு வந்தது. ஷிப்லி பொறுத்தார். இன்னும் பொறுத்தார். அப்புறம் அவர் வாய் தானாகவே, முன்னால் பாதை உடைந்திருக்கிறதா என்று ஒருக்கா பார்த்துவிட்டு வருகிறேன் என்றது. ஜவாத் நானா தலையாட்டினாரா இல்லையா என்று பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை.

அல்லாஹ்வே, என்ன சுகம் அது! காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது, வேலியும் வள்ளமும் மாதாவும் பின்னால் போயின, கொக்குகள் கிளம்பின. காலையிலிருந்து கட்டிப்போட்ட கால் இரண்டும் கட்டவிழ்ந்து மிதித்தன. அடுத்த பாலம் வரைக்கும்தான் என்று நினைத்தார். பாலம் வந்ததும் அதற்கடுத்த பாலம். அங்கே போய்த்தான் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். நேர்ப் பாதை, கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு ஆள் இல்லை. அப்போதுதான் மகளுக்குச் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

வள்ளம் இழுத்த இடத்தில் வள்ளம் மட்டும்தான் கிடந்தது. ஆட்களும் இல்லை, மரத்தில் சாத்திய சைக்கிளும் இல்லை. இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தார். போன் அடித்தார், எடுக்கவில்லை. தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்து போனது. அது யாருடையதோ, ஆனால் அதைக் கண்டதும் ஷிப்லி சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடினார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதனைத் தனியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. ஆதிலாவிடம் என்ன சொல்வேன், பஹ்மியா தாத்தாவிடம் என்ன சொல்வேன் என்று புலம்பிக்கொண்டே கரையோரம் குனிந்து குனிந்து பார்த்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தொப்பி போட்ட அய்யாவையா தேடுகிறீர்கள், உள் ஒழுங்கைக் கடையில் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னாள்.

கடை வாங்குப் பலகையில் ஜவாத் நானா இருந்தார். முன்னால் இரண்டு கிளாஸ் இஞ்சி ப்ளேன் டீ. ஒன்று பாதி குடித்தது, மற்றதன்மேல் ஈ விழாமல் ஒரு பீரிசுத் தட்டு மூடியிருந்தது. ஆறிப் போயிருக்கும், சூடாக வேறொன்று சொல்லவா என்று கேட்டார், அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சாந்தத்தைத்தான் ஷிப்லியால் தாங்க முடியவில்லை. இப்படியான பேச்சைப் பெண் வீட்டார் தாங்களாகத் தொடங்கக் கூடாது என்பதெல்லாம் மறந்து போய், நின்ற நிலையிலேயே கொட்டினார். சஹனில் எழும்பியது பிழைதான், இப்போது விட்டுவிட்டு ஓடியதும் பிழைதான், தன் குணம் தரித்து நிற்காத குணம், அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

ஜவாத் நானா என்ன சஹன் என்று கேட்டார். ஷிப்லி விளக்கினார். ஜவாத் நானா, அன்று வயிற்றுக்கோளாறு, எப்படா எழும்புவோம் என்று நானும்தான் இருந்தேன் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கிளாசைக் கீழே வைத்தார்.

"ஷிப்லி, ஒங்களச் சோதிக்கவா நான் கூட்டிட்டு வந்த? எனக்குச் செல்ல வாய் வரல்ல, அதான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்த. பெத்த மகன்ட கொறைய ஹாஷிம்ட வாயால அனுப்ப ஏலாதுதானே. நேர செல்லணும்."

ஷிப்லி வாங்கின் நுனியில் இருந்தார்.

"நப்ரீஸ் கெட்டவன் இல்ல. ஆனா ஒரு எடத்தில தரிக்க மாட்டான். பேங்க்ல இரிந்தான், விட்டான். கம்ப்யூட்டர் கம்பனி, அதயும் விட்டான். இப்ப மெல்பேர்ன் எண்டுறான், நாளைக்கி வேற ஒண்டு செல்லுவான். அவனோட வாழ்ற ஒரு பொம்பளப் புள்ளைக்கு லேசில்ல. இத மறைச்சி ஒங்கட புள்ளய எடுத்தா, அல்லாஹ்ட்ட நான் என்ன பதில் செல்ற?" மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்களப் பத்தியும் கேள்விப்பட்ட. கொறயா எடுக்க வாணாம். ஒங்கட மிஸிஸ் எப்பிடிச் சமாளிச்ச எண்டு கேட்டுச் செல்லுங்க. அதக் கேட்டுட்டு நீங்களே முடிவு எடுங்க."

ஆறிய டீயை ஷிப்லி ஒரே மடக்கில் குடித்தார். வாயில் இஞ்சி எரிந்தது, எரிகிறது என்றுகூட உணரவில்லை.

அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கம் போகவில்லை, திரும்பிவிட்டார்கள். ஷிப்லி பின்னால் வந்தார். முதலில் அவருக்கு ஆத்திரம்தான் பொங்கியது. தரித்து நிற்காத ஒருவனுக்கா என் பிள்ளையைக் கொடுப்பேன்? இன்றைக்கு ஒரு தொழில், நாளைக்கு ஒரு தொழில், வீடு வீடாக இழுபட என் மகளுக்கு என்ன தலையெழுத்தா? ஹெந்தலை வரைக்கும் நப்ரீஸை மனத்துக்குள் வைத்து வறுத்தெடுத்துக்கொண்டே வந்தார். வறுத்து முடிந்த பிறகு, தான் ஏசியதெல்லாம் யாரை என்று அவருக்கே விளங்கியது. களனிப் பாலத்தில் ஜவாத் நானா மறுபடியும் இறங்கினார். ஷிப்லியும் இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார், பார்த்தது மண்டைக்குள் ஏறவில்லை. மட்டக்குளிப் பள்ளியில் லுஹர் தொழுதார்கள். தொழுகை முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஷிப்லி எழும்பாமல் இருந்ததைக் கண்டு, உடம்புக்கு ஏதுமோ என்று ஜவாத் நானா பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. மர்லியா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆதிலா அறைக்குள்ளிருந்து ஓடிவந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கேட்கப் பயந்துபோய் நின்றாள். ஷிப்லி இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார். தானும் இருந்தார். ஜவாத் நானா சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். தன்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான்.

ஆதிலா நிமிர்ந்தாள்.

"இது எனக்குத் தெரியும் வாப்பா. அவரே சென்ன. தாங்க ஏலுமா எண்டும் கேட்ட. போற எடத்துக்கெல்லாம் பொட்டி கட்டிக்கொண்டு பின்னால வர மாட்டன், எனக்கும் தொழில் இரிக்கி, வரக்குள்ள யோசிச்சித்தான் வருவன் எண்டு நான் சென்ன. அதுக்கு அவர் சரி எண்ட." உம்மாவின் பக்கம் பார்த்தாள். "நான் உம்மாவப் பார்த்து வளந்தவதானே."

அவள் வாப்பாவைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்னது குத்தியது. ஷிப்லி மர்லியாவின் பக்கம் திரும்பினார். மகளைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தார், வந்தது வேறு.

"எங்கட கலியாண நேரம் என்னப் பத்தி யாரும் இப்பிடி வந்து செல்லியிரிந்தா, நீங்க என்ன செல்லியிரிப்பீங்க?"

மர்லியா கையிலிருந்த தலையணை உறையை மடித்து முடித்தாள், அடுக்கின்மேல் வைத்தாள். ஷிப்லியின் கால் ஆடவில்லை.

"வாணாம் எண்டிருப்பன்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். பிறகு அதே குரலில், கலியாணத்துக்கு உம்மா தந்த பீங்கான் செட்டை இன்றைக்கு வரைக்கும் பெட்டியை விட்டு எடுக்கவில்லை என்றாள். எடுத்து அடுக்கினால் மறுபடியும் கட்ட வேண்டிவரும் என்றுதான் எடுக்கவில்லையாம். மகளுக்குச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்கள், அவளும் தெரிந்துதான் ஓம் என்கிறாள், தனக்கு அந்த நேரம் யாரும் சொல்லவில்லை என்றாள். இவ்வளவு காலமும் அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்றே எடுத்து, அதில் சுகமாக ஓடித் திரிந்த மனிதர், அப்படியே குறுகிப்போய் இருந்தார். மகளுக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்தது.

"இஞ்ச, ஜவாத் நானாவுக்குப் போன் எடுங்க," என்றாள் மர்லியா. "பாவம், பாத்துக்கொண்டு இரிப்பார்."

ஷிப்லி எடுத்தார். மணி நெடுநேரம் அடித்தது, அவர் துண்டிக்கவில்லை. ஜவாத் நானா வந்து, ஸலாம் சொல்லி, சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரித்து, கால் வலிக்கிறதா என்று கேட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"மிஸிஸ் என்ன சென்னா?"

ஷிப்லி மர்லியாவைப் பார்த்தார். அவள் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"அவ சென்னது எனக்கு, நானா," என்றார். "புள்ளைக்கி ஓம்."